45ஆம் எண் சாலையின் கற்களுக்கும் மரங்களுக்கும் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையை இன்னும் பலர் 'என்.எச். 45' என்றுதான் சொல்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் சொல்கிறார்கள், நிலத் தரகர்கள் சொல்கிறார்கள், கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போடுகிறவர்கள்கூட அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணில் தமிழ்நாட்டில் இப்போது ஒரு தேசிய நெடுஞ்சாலையும் கிடையாது. 2010இல் மத்திய அரசு நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது எங்கள் சாலை துண்டு துண்டாகப் பிரிந்தது. சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132. விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை 38. திருச்சி தாண்டி மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் போனால் அது 83. ஜபல்பூரிலிருந்து சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்குப் போகும் சாலைக்கு இன்று 45 என்று எண்.

எண் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. பழைய எண்களில் எந்த ஒழுங்கும் இருக்கவில்லை. மும்பைச் சாலைக்கு 4, கொல்கத்தாச் சாலைக்கு 5, கன்னியாகுமரிச் சாலைக்கு 7, எங்களுக்கு 45. புது முறையில் கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கே சிறியதாகத் தொடங்கித் தெற்கே வர வரக் கூடும். அதனால்தான் காஷ்மீரில் 1, நம் தனுஷ்கோடியில் 87. வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை. மூன்று இலக்கம் வந்தால் அது கிளைச் சாலை. 132 என்றால் 32இன் கிளை. எண்ணைப் பார்த்ததும் சாலை எந்தத் திசையில் போகிறது என்று புரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

என் கவலை வேறு. எண்ணையும் இழந்து, தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதியையும் இழந்து, புறவழிச்சாலை வந்ததால் ஊருக்குள் விடப்பட்டுக் கிடக்கிறதே பழைய சாலை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இந்தச் சாலையிலேயே போனது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கையில் எடுக்கும் முன்பு இது மத்திய அரசின் சாலை என்றாலும், பார்த்துக்கொண்டது மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுதான். பணம் டெல்லியிலிருந்து வரும், வேலை எங்களுடையது.

இந்தச் சாலைக்கு 45 என்ற எண் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே இது இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. தாம்பரம் பக்கம் இன்றும் ஜி.எஸ்.டி. ரோடு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1943இல் நாக்பூரில் மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் கூடி, தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று நாட்டின் சாலைகளைத் தரம் பிரித்தார்கள். 1946இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானது. 1956இல் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வந்தது. எந்தெந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை என்று சட்டத்தின் பின்னால் ஒரு அட்டவணையும் இணைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவை எங்கள் மேலதிகாரி ஒருவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு எந்தச் சாலையையும் அட்டவணையில் சேர்க்கலாம். அதேபோல ஒரு அறிவிக்கையில் எதையும் நீக்கலாம். அரசிதழில் நாலு வரி வந்தால் போதும், அன்றோடு அது தேசிய நெடுஞ்சாலை இல்லை. அந்த நாலு வரியில் சாலையின் நீளம் இருக்கும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று இருக்கும். சாலை என்பது வெறும் நீளம்தானா?

நாங்கள் பார்த்துக்கொண்ட சாலையில் தார் போட்ட பாகம் நடுவில் ஒரு பட்டை மட்டும்தான். அதற்கு இரண்டு பக்கமும் பெர்ம் என்று நாங்கள் சொல்லும் மண் ஓரம், அதைத் தாண்டி மரவரிசை, அப்புறம் மண் எடுத்த பள்ளம், கடைசியாகத் துறையின் நிலம் எங்கே முடிகிறது என்று காட்டும் எல்லைக்கல். இத்தனையும் சேர்ந்ததுதான் சாலை. ஒரு எல்லைக்கல் சாய்ந்தாலும் நாங்கள் நிமிர்த்தி நட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். கல் போனால் நிலம் போகும் என்பது புதிதாக வேலைக்குச் சேரும் சாலைப் பணியாளருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம்.

கிலோமீட்டர் கற்களில் ஐந்துக்கு ஒரு கல் பெரிதாக இருக்கும். அதில் அடுத்த ஊரோடு தூரத்து ஊரின் பெயரும் எழுதுவோம். தேசிய நெடுஞ்சாலை என்றால் கல்லின் தலையில் மஞ்சள், மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள். எங்காவது விபத்து என்று தகவல் வந்தால், 'இத்தனையாவது கிலோமீட்டர், ஆறாம் கல்' என்று சொன்னதும் எந்த வேப்பமரம், எந்தச் சிறுபாலம் என்று எங்களுக்குக் கண்ணில் வந்துவிடும். அதற்கும் முந்தைய மைல் கற்களும் பர்லாங்கு கற்களும் அங்கங்கே மிஞ்சியிருந்தன. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகு படிப்படியாக மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. பழைய கற்களைப் பிடுங்கும் வேலையை யாரும் மெனக்கெட்டுச் செய்யவில்லை, அதனால் தப்பித்தவை அவை.

மரங்களைச் சொல்லாமல் இந்தச் சாலையைச் சொல்ல முடியாது. பெரும்பாலும் புளி, நடுநடுவே வேம்பு, ஆல், நாவல். ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, பதிவேடு உண்டு. ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் தெரிய அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடிப்போம். புளி பழுப்பதற்கு முன்பே மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர்கள் மரத்துக்கு மரம் ஆள் ஏற்றி உலுக்குவார்கள். கீழே பெண்கள் சாக்கை விரித்துப் பொறுக்குவார்கள். அந்தக் காசு அரசுக் கணக்கில் சேரும். புயல் அடித்த மறுநாள் காலையில் முதலில் மரத்தைத்தான் எண்ணுவோம். விழுந்த மரத்துக்கு வேறு, வெட்டிய மரத்துக்கு வேறு என்று தனித்தனிப் பக்கம். விழுந்தது எது, ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வெட்டியது எது என்று அடிக்கட்டையைப் பார்த்தே எங்கள் மஸ்தூர்கள், அதாவது சாலைத் தொழிலாளர்கள், சொல்லிவிடுவார்கள்.

நான்கு வழிச்சாலை வேலை தொடங்கியபோது இந்த மரங்களில் பெரும்பகுதி போனது. அதற்காக நான் அந்தச் சாலையே வேண்டாமென்று சொல்ல மாட்டேன். இருவழிச் சாலையில் நேருக்கு நேர் மோதிய பேருந்துகளையும் லாரிகளையும் கையால் பிரித்துப் போட்டவர்கள் நாங்கள். நடுவில் தடுப்பு வந்த பிறகு அந்தச் சாவுகள் குறைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் புறவழிச்சாலை போட்ட இடங்களில் ஊருக்குள் இருந்த பழைய சாலையை யாரும் அகலப்படுத்தவில்லை, மரம் வெட்டவில்லை, கல் பிடுங்கவில்லை. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை ஊர்களுக்குள் போகும் அந்தத் துண்டுகளில்தான் பழைய 45 கொஞ்சமாவது அப்படியே மிஞ்சியிருந்தது. விழுப்புரத்தில் சென்னைச் சாலையும் திருச்சிச் சாலையும் புதுச்சேரிச் சாலையும் கூடும் நான்குமுனைச் சந்திப்பில் நின்று பார்த்தால், தெற்குச் சீமைக்குப் போன வண்டி எல்லாம் ஒரு காலத்தில் இந்தக் குறுகலான இடத்தில் திரும்பித்தான் போனதா என்று இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இப்படி விடுபட்ட துண்டுகள் விதிப்படி மாநிலத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ போக வேண்டும். ஒப்படைக்கும் முன்பு ஒருமுறை சீரமைத்துத் தர மத்திய அரசு பணம் ஒதுக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பணத்தில் மேலே ஒரு தார் அடுக்கு போடுவார்கள், கோடு போடுவார்கள். அத்தோடு கைமாற்றம் முடிந்தது. மரப் பதிவேடும் எல்லைக்கல் வரைபடமும் சிறுபாலங்களின் பட்டியலும் கைமாறுகின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. என் பகுதியின் பழைய மரப் பதிவேடு இன்று எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டு நான் ஏறி இறங்காத படி இல்லை.

திருச்சிக்கு முன்னால் கொள்ளிடத்தில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட் என்ற இடத்தையும் இணைத்த பழைய இரும்புப் பாலம் 1928இல் கட்டியது. சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்த வண்டிகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அதன் மேல்தான் வந்தன. 2016இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும் பழைய பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு அது நல்ல இடமாக இருந்தது. நானும் உறவினர் வீட்டுக்குப் போனபோது அதில் நடந்திருக்கிறேன். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு வந்தபோது தூண்கள் சரிந்து பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. பிறகு மிச்சத்தையும் பிரித்து எடுத்தார்கள். அதற்கு வெள்ளம்தான் காரணம், நான் யார் மீதும் பழி போடவில்லை. ஆனால் வாகனம் நின்ற நாளோடு பாலத்தின் மேல் இருக்கும் கவனமும் நின்றுவிடும் என்பது என் வேலை எனக்குக் கற்றுத் தந்தது. ஓடுகிற பாலத்தில் ஒரு ரிவெட் தளர்ந்தாலும் யாராவது ஓட்டுநர் வந்து சொல்வார். ஓடாத பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆள் கிடையாது.

சாலையின் தகுதியைக் குறைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மக்களுக்குத் தெரியவந்தது 2017இல். ஆனால் அது தெரியவந்த விதம் எனக்கு இன்றும் வேதனை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நேரும் சாவுகளை மனதில் வைத்து, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20,000 பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களில் 220 மீட்டர் போதும் என்று பிறகு திருத்தியது. 2017 ஏப்ரலில் நம் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடின. உள்ளாட்சிச் சாலை என்றால் அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பதால், உடனே ஊர்களுக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றும் வேலை தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அப்புறம் ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அந்தத் தீர்ப்பு தடையாக இருக்காது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் சொல்லிவிட்டது. வருஷக்கணக்கில் ஒரு மரப் பதிவேட்டைக் கைமாற்ற நேரமில்லாத நிர்வாகத்துக்கு, சாலைகளின் தகுதியை மாற்ற மட்டும் சில வாரங்களில் நேரம் கிடைத்தது. ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவர்களைத் தூக்கிய கை இது. அந்த நாட்களில் செய்தித்தாள் படிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புறவழிச்சாலையால் பழைய சாலையின் ஓரத்தில் பிழைத்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. டீக்கடை, புரோட்டா கடை, பஞ்சர் கடை என்று ராத்திரி முழுக்க விளக்கெரிந்த இடங்கள் எட்டு மணிக்கே ஷட்டர் இறக்க ஆரம்பித்தன. வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போவது இன்றும் தீரவில்லை. பெட்டி படுக்கையோடு, கைக்குழந்தையோடு, நடுராத்திரியில் ஆட்டோவும் இல்லாத இடத்தில் இறங்கி நிற்பவர்களை இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வண்டியில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தால் அந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குள் வந்துதான் போக வேண்டும். இதை உங்கள் வாசகர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது ஒரு மைல்கல். விழுப்புரத்துக்குத் தெற்கே பழைய சாலையோரம் அரையடி புதைந்து நின்ற கருங்கல் அது. ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில், மைல் கணக்கு தமிழ் எண்ணில். செதுக்கிய ஆசாரியின் கை அவ்வளவு சுத்தம். ஐந்துக்கு 'ரு' போட்ட வளைவில் ஒரு பிசிறு இருக்காது. நாங்கள் வேலையில் இருந்தவரை வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்பு அதையும் கழுவிச் சுண்ணாம்பு அடிப்போம். எழுத்து மறைந்துவிடாதபடி முகத்தில் மட்டும் அடிக்காமல் விடச் சொல்வேன். அண்மையில் மழைநீர்க் கால்வாய் வெட்டியபோது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பொக்லைன் வைத்து அதைப் பெயர்த்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டு வாசலில் கால்வாய்க்கு மேலே மூடியாகக் கிடந்தது, எழுதிய முகம் கீழே. வேலை செய்த பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அது என்ன கல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டேன், அது நெடுஞ்சாலைக்காரர்கள் கல் என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் கேட்டேன், சாலையை ஒப்படைத்தாயிற்று என்றார்கள். மூன்றாவது இடத்தில், புறவழிச்சாலை மட்டும்தான் எங்கள் கணக்கு என்றார்கள். மூவர் சொன்னதும் அவரவர் கோப்புப்படி சரிதான். கல்தான் யார் கோப்பிலும் இல்லை.

அரசுக்கு என் வேண்டுகோள் பெரிய செலவு வைப்பது அல்ல. ஒரு சாலை தகுதி இழந்து கைமாறும்போது, ஒப்படைப்புப் பத்திரத்தோடு கற்கள், மரங்கள், எல்லைக்கற்கள், சிறுபாலங்கள், சாலையோரத்துப் பயணியர் மாளிகை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இணைக்க வேண்டும். வாங்கிக்கொள்ளும் அதிகாரி இடத்தில் நின்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே கைமாறிய பழைய 45இன் துண்டுகளுக்கும் இதைச் செய்யலாம். கிலோமீட்டர் வாரியாகப் போனால் ஒரு பிரிவு அலுவலகத்துக்குச் சில வாரத்து வேலை. பழைய மைல்கல் எதுவும் இருந்தால் அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூங்காவில் வைத்தால் அது காட்டுகிற தூரம் பொய்யாகிவிடும். கால்வாய், குழாய், கேபிள் எதற்குத் தோண்ட அனுமதி கொடுத்தாலும் அந்தப் பட்டியலை ஒப்பந்தக்காரர் கையில் முதலில் கொடுக்க வேண்டும். கால்வாய் மூடியாகக் கிடக்கும் கல்லை எடுத்துப் பழைய இடத்தில் நட நான்கு ஆளும் ஒரு கடப்பாரையும் போதும்.

இன்னொன்று. இந்தச் சாலையில் கேங்கில் வேலை செய்த மஸ்தூர்கள் பலர் இன்னும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். எந்தச் சிறுபாலத்துக்கு அடியில் பழைய செங்கல் வளைவு இருக்கிறது, எந்த மழையில் எங்கே சாலை அறுத்தது, எந்த ஆலமரத்தடியில் சுமைதாங்கிக் கல் இருந்தது என்பதெல்லாம் பதிவேட்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படிக்காதவர்கள், வயதானவர்கள். துறை ஒரு இளநிலைப் பொறியாளரை அனுப்பி அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மங்கம்மாள் பெயரில் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போன சாலையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதி, ஊர்க்காரர்கள் வாய்வழியாகச் சொல்லி வந்தது. இங்கே எழுதி வைக்க ஆளும் இருக்கிறது, தாளும் இருக்கிறது.

விக்கிரவாண்டியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை எனக்குத் தெரிந்த பழைய கற்கள், பெரிய மரங்கள், மூடிப்போன சிறுபாலங்கள் எல்லாவற்றையும் கிலோமீட்டர் வரிசையில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். துறையிலிருந்தோ நகராட்சியிலிருந்தோ யார் கேட்டாலும் படி எடுத்துக்கொள்ளத் தருகிறேன், கூடவே நடந்து வந்து இடத்தையும் காட்டுகிறேன். ஆவணிக்குள் வந்தால் நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சாலையோரம் புல் மண்டிவிடும், அப்புறம் கற்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாலை ஆய்வாளர்,
விழுப்புரம்.